மார்ஷல் விட்டுச்சென்ற எழுத்து

9

படார்!

தூக்குமேடைப் பலகை மறுபடியும் வாயைப் பிளந்தது. காலையிலிருந்து ஏழாவது தடவை. சால்ட் ஃபோர்க் ஊரின் தச்சன் வேலையில் சுத்தக்காரன். ஒரு பெண்ணின் எடைக்குச் சரியாக மணல் மூட்டை கட்டி, கயிற்றில் மாட்டி, விழவிட்டு விழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ், அந்த மூட்டை என்னய்யா பாவம் பண்ணுச்சு?" ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினான் லெம் ஸ்பூனர். "ஒரு தடவை செத்தா பத்தாதா அதுக்கு?"

"தலையை உள்ளே இழு, லெம். மூட்டைக்குப் பதிலா உன்னை மாட்டிப் பார்க்கப் போறான்."

"நான் எடை பத்த மாட்டேன், தலைவரே. நீங்க போடுற அவரைக்கொட்டையில எவனுக்கு உடம்பு தேறும்?"

நேதன் ஃபெல்லுக்குச் சிரிப்பு வரவில்லை. டென்வரிலிருந்து வந்த துப்பறிவாளர் அவர்; லெம் அவருடைய கையாள். ரயிலை விட்டு இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மார்ஷலின் ஆபீசை நாற்பது தடவை குறுக்கும் நெடுக்குமாக அளந்துவிட்டார். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வெளியே காற்றும் அப்படித்தான், தெருப் புழுதியை வாரி இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று இறைத்துக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால். நான்கு மணிக்கு அந்த மூட்டை இருக்கிற இடத்தில் டெம்பரன்ஸ் ஆல்ட் இருப்பாள்.

டெம்பரன்ஸ் என்றால் மதுவிலக்கு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் நடத்தியது சாராயக்கடை. ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். இப்போது சிரிக்க யாருக்கும் வாய் வரவில்லை. அவள் சுட்டுக் கொன்றதாகத் தீர்ப்பாகியிருப்பது சாதாரண ஆளை இல்லை, மார்ஷல் ஹைரம் ப்ரீனை.

ப்ரீனைத் தெரியாதவன் அந்த எல்லைச் சீமையில் உண்டா? பதினொரு வருஷத்தில் பதினான்கு துப்பாக்கிச் சண்டை. பதினான்கிலும் விழுந்தது எதிரே நின்றவன். கையை விடப் பெரிய பேர் அவர் வாக்குக்கு. 'எக்கோ' பத்திரிகையில் வாராவாரம் ஒரு முழுப் பத்தி எழுதுவார். 'என் துப்பாக்கி ஒரு வார்த்தைதான் பேசும், பதில் சொல்ல உனக்கு நேரம் இருக்காது' என்று அவர் எழுதியதை மாடு ஓட்டுகிறவன்கூட மனப்பாடமாகச் சொல்வான். அப்பேர்ப்பட்ட மனுஷரைச் செவ்வாய்க்கிழமை காலை இதே ஆபீசில் யாரோ முதுகில் சுட்டிருந்தார்கள்.

"இந்தா, கோர்ட் குறிப்பு. சத்தமாப் படி."

"கண்ல மண்ணு விழுந்து உறுத்துது, தலைவரே. நீங்களே படிங்க. நீங்க படிச்சாத்தான் கேக்க நல்லா இருக்கும்."

ஃபெல் படித்தார். குண்டு பட்டபின் ப்ரீனுக்குக் கால் மணி நேரம் உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு தோட்டாவை உருவி, அதன் ஈய முனையால் தரைப்பலகையில் ஓர் எழுத்தை வரைந்துவிட்டு இறந்திருக்கிறார். T. டெம்பரன்ஸின் முதல் எழுத்து. அந்தப் பலகையை அறுத்தெடுத்து ஜட்ஜ் பத்திரமாக வைத்திருக்கிறார். இன்னொரு சாட்சியும் உண்டு. தினமும் கடை திறக்குமுன் மார்ஷல் பின்வாசல் வழியாக டெம்பரன்ஸின் சமையல்கட்டுக்குப் போவார். செவ்வாய்க்கிழமையும் போனார். அவள் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது: 'தப்பு! மறுபடியும் தப்பு! இன்னைக்கு இது மூணாவது தடவை!' அடுத்த ஒரு மணி நேரத்தில் மார்ஷல் பிணம். ஜூரிகளுக்குப் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

"என் பொண்டாட்டி ஒரு நாளைக்கு முப்பது தடவை 'தப்பு'ன்னு கத்துறா," என்றான் லெம். "நான் கல்லு மாதிரி இருக்கேனே?"

"எனக்கு உறுத்துறது வேற. வாரத்துக்கு ஒரு பத்தி எழுதுற மனுஷன். கையில கால் மணி நேரம் இருக்கு. ஒத்த எழுத்தோட நிறுத்துவாரா?"

"கை வலிச்சிருக்கும்."

ஃபெல் மேஜை இழுப்பறையைத் திறந்தார். மார்ஷலின் சட்டைப்பையில் இருந்தவற்றை ஒரு தகரப் பெட்டியில் போட்டிருந்தார்கள். கடிகாரம், புகையிலை, ஒரு பென்சில். அந்தப் பென்சிலும் பேர்போனதுதான். சண்டைக்கு வருகிறவன் முன்னால் அதைப் பையிலிருந்து எடுத்து, 'உன் பேரை எப்படி எழுதணும், சொல்லு' என்று கேட்பாராம் ப்ரீன். கேட்டவன் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவானாம்.

ஃபெல் பென்சிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"லெம், இதை எப்போ சீவினது?"

"சீவவே இல்லையே, தலைவரே. கடையில வாங்கினபடியே இருக்கு. மேல்பூச்சுதான் தேஞ்சுபோச்சு."

"பையில உரசி உரசித் தேஞ்சிருக்கு. வருஷக்கணக்கா சுமந்திருக்கார், ஒரு வரி எழுதலை." இழுப்பறையிலிருந்து கைது உத்தரவுகளை அள்ளி மேஜையில் பரப்பினார். மார்ஷல் கையெழுத்துப் போடும் இடத்திலெல்லாம் ஐந்து முனை நட்சத்திரம். "ஊரே இதை மிடுக்குன்னு நெனச்சிருக்கு. வா, அந்தம்மாவைப் பார்ப்போம்."

லாக்கப் ஆபீசுக்குப் பின்னாலேயே இருந்தது. டெம்பரன்ஸ் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள். நாற்பது வயதிருக்கும்.

"இன்னொரு வக்கீலா?"

"துப்பறிவாளன். உங்க தங்கச்சி தந்தி குடுத்தாங்க."

"அவளுக்கு வேற வேலை இல்ல."

"ப்ரீன் காலையில உங்க வீட்டுக்கு எதுக்கு வருவார்?"

"காப்பி குடிக்க."

"காப்பி குடிக்கிறதுல மூணு தடவை என்னம்மா தப்பு பண்ண முடியும்?"

"ஊதிக் குடிக்கத் தெரியாதோ என்னவோ," என்றான் லெம்.

அவள் மறுபடி கம்பளியை உதறினாள். ஃபெல் பென்சிலைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார். "சீவாத பென்சில். எந்த எழுத்து வரைக்கும் சொல்லிக் குடுத்தீங்க?"

கம்பளி கையிலிருந்து நழுவியது. "யார் சொன்னது உங்களுக்கு?"

"பென்சில்தான் சொல்லுச்சு. கோர்ட்ல இதை நீங்க சொல்லியிருந்தா இங்கே இருந்திருக்கவே மாட்டீங்களே!"

"செத்தவர் மானத்தை வித்து நான் உசிரு வாழணுமா?" அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வாக்குக் குடுத்திருக்கேன்யா. பதினாலு பேர் துப்பாக்கியை நீட்டினப்போ வேர்க்காத மனுஷன். என் மேஜையில கொட்டின மாவுல விரலை வெச்சு G எழுதறதுக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. வெளியே தெரிஞ்சா செத்துடுவேன்னு சொன்னார். சத்தியம் பண்ணுங்க. வெளியே சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினா மேல பேசறேன். இல்லாட்டி போயிட்டே இருங்க."

ஃபெல் கடிகாரத்தைப் பார்த்தார். "சத்தியம். என் வாயால வராது."

அவள் தாழ்ந்த குரலில் கொட்டித் தீர்த்தாள். சித்திரை வெயிலில் மேற்குப் பாதையில் ஒரு விவசாயி பெண்டு பிள்ளைகளோடு வண்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறான். ப்ரீனைப் பார்த்ததும் வண்டியிலிருந்து குதித்துக் காலில் விழுந்திருக்கிறான். 'நீங்க பேப்பர்ல சொன்னபடி சனிக்கிழமைக்குள்ள போயிடறேன் சாமி, சுட்டுடாதீங்க' என்று அழுதிருக்கிறான். ப்ரீன் அப்படி எதுவும் சொல்லவே இல்லை.

"மறுநாளே என்கிட்ட வந்து நின்னார். 'நான் என்ன சொல்லிட்டிருக்கேன்னு நானே படிச்சுத் தெரிஞ்சுக்கணும் டெம்பி'ன்னார். A-யில ஆரம்பிச்சு வரிசையாத்தான் போனோம். ஒரு எழுத்து கைக்கு வராம அடுத்ததைத் தொட மாட்டார். செவ்வாய்க்கிழமை M. அதைத் தலைகீழாப் போட்டுப் போட்டு W ஆக்கிட்டே இருந்தார். மூணு தடவை. எனக்கும் பொறுமை போச்சு, கத்திட்டேன்."  "கடைசியா அந்த மனுஷன் என் வாயிலேருந்து கேட்டது அதுதான், 'தப்பு'."

"அப்போ T?"

"T வர இன்னும் ஏழு எழுத்து இருந்துச்சே!"

"அப்போ பலகையில இருக்கிறது?"

"அதுதான் எனக்கும் விளங்கலை."

படார்! மூட்டை எட்டாவது தடவை விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

'எக்கோ' அலுவலகம் தெருவின் கோடியில். ஆசிரியர், அச்சுக்கோப்பவர், முதலாளி எல்லாம் ஆர்வில் பிம் ஒருவரே. குண்டு மனிதர், சட்டைக்கையில் கறுப்புத் துணியுறை. கோத்து வைத்த எழுத்துகளின் மேல் ஒரு கட்டையை வைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி மட்டம் செய்துகொண்டே பேசினார். கண் கலங்கியிருந்தது.

"என் அண்ணன் மாதிரி, மிஸ்டர் ஃபெல். என்ன எழுத்து! ஒரு கமா மாத்த விட மாட்டார்."

"அவர் கைப்பட எழுதினது ஒண்ணு வேணும்."

"அச்சானதும் அடுப்புக்குப் போயிடும். அது அவர் போட்ட விதி." டொக், டொக். "ஆனா புத்தகம் வருது. 'ஹைரம் ப்ரீன்: வாழ்வும் வாக்கும்.' செயின்ட் லூயிஸ்ல இருபதாயிரம் பிரதி. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. நாலு மணிக்கு மேல எழுதிடுவேன்."

"பொணம் விழறதுக்கு முன்னாடியே கருமாதிப் பந்தியா?" என்றான் லெம்.

பிம் கட்டையை நகர்த்தி வைத்துத் தட்டினார். ஃபெல் பழைய இதழ்களைப் புரட்டினார். சித்திரையிலிருந்து ஆறு பேரை ப்ரீனின் பத்தி 'மாட்டுத் திருடர்கள்' என்று பேர் சொல்லிச் சுட்டியிருந்தது. சனிக்கிழமைக்குள் ஊரை விட்டுப் போகாவிட்டால் துப்பாக்கி பேசும் என்று கெடு. ஆறு பேரும் போய்விட்டார்கள்.

"அவங்க மாடெல்லாம் என்ன ஆச்சு?"

"போட்டுட்டு ஓடினதுக்கு யார் கணக்கு வெக்கிறது?" டொக், டொக். "நல்ல ஊர் மிஸ்டர் ஃபெல். ப்ரீன் சுத்தம் பண்ணின ஊர்."

வெளியே வந்ததும் லெம் துப்பினான். "இவன்தான், தலைவரே."

"பத்தி எழுதினது இவன்தான். எழுதினதுக்குத் தூக்குப் போட மாட்டாங்க. செத்தவர் காட்டிக்குடுத்தது T. ஆர்வில் பிம்ல எங்கேடா T இருக்கு?" ஃபெல் நடையை எட்டிப் போட்டார். "ஜட்ஜைப் பார்ப்போம். மணி மூணாகப் போகுது."

ஜட்ஜ் மெர்சர் ஹோட்டலின் பின்னறையில் ஆப்பிள் பணியாரம் தின்றுகொண்டிருந்தார். அதுதான் கோர்ட், அதுதான் அவர் குடித்தனமும். பலகையில் இருப்பது T-தானா என்று ஃபெல் கேட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பன்னிரண்டு ஜூரி, எல்லாரும் படிச்சவங்க. பன்னிரண்டு பேரும் பார்த்து T-ன்னு சொன்னாங்க. அதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?"

"பலகையை நான் பார்க்கலாமா?"

ஜட்ஜ் அலமாரியிலிருந்து பலகையை எடுத்து மேஜையில் வைத்தார். பைன் மரம். அதில் ஈயக்கோடு பளிச்சென்று இருந்தது. நீளமாக ஒரு கோடு, அதன் தலையில் குறுக்கே ஒரு குட்டைக் கோடு. ஃபெல் உற்றுப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் T-தான்.  சத்தியத்தை மீறினாலும் இந்த அம்மாவைக் காப்பாற்ற முடியாது போலிருக்கிறதே!

லெம் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "எங்கே எழுத்து?"

"இதோ, கண்ணு முன்னாடி."

"எழுத்து எழுதியிருக்குன்னு சொன்னீங்க. இது சுத்தியல் படமில்ல?"

ஜட்ஜ் புருவத்தைத் தூக்கினார். "உங்க ஆளுக்குப் பார்வை எப்படி?"

"என்னடா லெம், இன்னும் கண்ல மண்ணா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பிய ஃபெல் அப்படியே நின்றார். லெம்மின் காது மடல் சிவந்திருந்தது.

எட்டு வருஷம். தந்தி வந்தால் 'கண்ணாடியைக் காணோம்'. ஹோட்டல் பலகை வந்தால் 'வெயில் அடிக்குது'. கோர்ட் குறிப்பு வந்தால் மண். துப்பறிவாளராம், பெரிய துப்பறிவாளர்! கூடவே இருந்தவனை எட்டு வருஷமாகக் கண்டுபிடிக்கத் துப்பில்லை.

"லெம், உனக்கு..."

"ஆமா. தெரியாது. இப்ப என்ன, வேலையை விட்டுத் தூக்கப் போறீங்களா?"

"டேய், உன்னைத் தலையில தூக்கி வெச்சுக்கப் போறேன்டா! படிச்ச பன்னிரண்டு பேருக்கும் எனக்கும் இது எழுத்தாத்தான் தெரியும். எழுத்தை மறந்துட்டுப் பார்க்க எங்களால முடியாது." ஃபெல் பலகையைத் தூக்கி அவன் மூக்கருகே பிடித்தார். "இதே சுத்தியலை வேற எங்கேயாவது பார்த்தியா? யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? ரயிலடிப் பட்டியில காலையில பார்த்தேனே. முப்பது நாப்பது மாடு வண்டி ஏத்த நிக்குது. எல்லாத்துக்கும் தொடையில புதுசா சூடு போட்டிருக்கு. சுத்தியல். பழைய சூட்டுக்குறி மேலேயே போட்டு அழிச்சிருக்கான், வேலை தெரியாத பய."

ஃபெல் சூட்டுக்குறிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். மாடு வைத்திருக்கிறவன் தன் குறியை ஜட்ஜிடம் பதிந்தாக வேண்டும். பக்கங்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். மே மாதம் ஒன்பதாம் தேதி. குறி: சுத்தியல். சொந்தக்காரர்: ஆர்வில் பிம், பத்திரிகை ஆசிரியர்.

அச்சுக்கூடத்து மரச்சுத்தியலைத்தான் ஆசையாக மாட்டின் மேல் போட்டிருக்கிறார் மனிதர்.

"மார்ஷல் ஆகிறதுக்கு முன்னாடி ப்ரீன் இருபது வருஷம் மாடு ஓட்டினவர்," என்றார் ஃபெல். "அந்தத் தொழில்ல ஆளுக்கு ஒரு பேர், மாட்டுக்கு ஒரு குறி. குறியைப் பார்த்தா ஆள் யாருன்னு சொல்லிடுவாங்க. ஊரை விட்டு ஓடின ஆறு பேரோட மாட்டுல இந்தக் குறியைப் பார்த்துப் பிம்மைக் கேட்டிருப்பார், அதான் முதுகில குண்டு."

ஜட்ஜ் பணியாரத் தட்டைத் தள்ளி வைத்தார். ஆனாலும் தலையை ஆட்டினார். "ஒத்துக்க முடியாது, மிஸ்டர் ஃபெல். ப்ரீன் எழுத்தாளர். எழுத்தாளர் போட்டது எழுத்துதான். அவருக்கு எழுதவே தெரியாதுன்னு நீங்க நிரூபிச்சா அது வேற கதை."

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"பிறகு யார் சொல்றது?"

"சொல்ல வேண்டியவன் சொல்லுவான். மேடையில எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க."

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் டெம்பரன்ஸை மேடைக்கு ஏற்றினார்கள். ஊரே திரண்டிருந்தது. மந்தை ஓட்டி வந்தவர்கள், கடைக்காரர்கள், வண்டியிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற குடும்பங்கள். முன்வரிசையில் பிம், கையில் குறிப்பேடு. காற்று கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தது.

ஃபெல் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாரு? முன்னாடி வாங்க!"

ஒருத்தரும் அசையவில்லை. துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டுகிற ஆட்கள் எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு நிமிஷம் போய்விட்டது. 

"எனக்குத் தெரியாது!"

லெம்தான். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு மேடையோரம் வந்து நின்றான்.  "நாப்பத்திரண்டு வயசு. என் பேரைக்கூட எழுத வராது. என் பொண்டாட்டிக்கே தெரியாது. இப்ப தெரிஞ்சுடும். சிரிக்கிறவன் சிரிச்சுக்கோ."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு இருமல் கேட்டது. மந்தைச் சமையல்காரக் கிழவன் ஜெசப் கால் சாய்த்துச் சாய்த்து வந்தான். அவன் பின்னால் ஒருவன், இன்னொருவன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் பதினைந்து பேர் ஆகிவிட்டார்கள்.

"இதுல என்ன இருக்கு, ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"சுத்தியல்," என்றான் ஜெசப்.

"சுத்தியல்."

"சுத்தியல். மாட்டுச் சூடு. நம்ம பிம் ஐயாவோடது."

"ஆமா, பட்டியில நிக்குதே!"

கூட்டம் சலசலத்தது. பிம் குறிப்பேட்டை மூடிவிட்டுச் சிரித்தார். "கேளுங்க கூத்தை! எழுத்து தெரியாதவன் நூறு பேர் சொல்லிட்டா எழுத்து சுத்தியலாயிடுமா? இதை வரைஞ்சது யாரு? இந்த நாடே படிக்கிற எழுத்தாளர்! ப்ரீன் போட்டது T!"

"அதையேதான் நானும் சொல்றேன்," என்றார் ஃபெல். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "ப்ரீன் எழுத்தாளர். சாகிறதுக்கு முன்னாடி ஒரு எழுத்தோட நிறுத்தலை. அவர் பூட்ஸுக்குள்ள இருந்துச்சு இது. இரண்டு பக்கம், அவர் கைப்பட. 'வாழ்வும் வாக்கும் புத்தகம் முழுக்க என் சொந்த எழுத்து. பிம் வெறும் அச்சுக்கோப்பவன், ஒரு கமா போடக்கூடத் தகுதி இல்லாதவன். அவன்தான் என்னை முதுகில...'"

"பொய்!"

பிம்மின் முகம் ரத்தமாகச் சிவந்தது. "கமா போடத் தகுதி இல்லையா? எனக்கா? அந்த மாட்டுக்காரன் ஒரு வரி எழுதியிருப்பானா? A-க்கும் B-க்கும் வித்தியாசம் தெரியாத மரமண்டை! 'என் துப்பாக்கி ஒரு வார்த்தைதான் பேசும்', அது நான்! எல்லாம் நான்! ஒவ்வொரு எழுத்தும் என்..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டார். கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் வாயாலேயே தன் கழுத்தில் சுருக்கைப் போட்டுக்கொண்டதை உணர அவருக்கு ஒரு முழு நிமிஷம் பிடித்தது.

ஜட்ஜ் மெர்சர் தொண்டையைச் செருமினார். "அப்போ எழுதத் தெரியாத மனுஷன், சாகும்போது எழுத்து எழுதியிருக்க மாட்டான், மிஸ்டர் பிம்."

பிம் ஓடினார். நாலடி. ஜெசப் தன் நல்ல காலை நீட்டினான். புழுதியில் விழுந்தவர் மேல் நாலைந்து பேர் ஏறி உட்கார்ந்தார்கள். ஃபெல்லின் கையிலிருந்த காகிதத்தைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. டென்வரில் சட்டை வெளுக்கப் போட்ட சீட்டு அது.

டெம்பரன்ஸின் கைக்கட்டை லெம் அவிழ்த்தான். அவள் மேடைப் படிகளில் இறங்கி நேரே ஃபெல்லிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று அவர் தொப்பியை எடுத்தார்.

பளார்!

அடி பலமாகத்தான் விழுந்தது.

"உங்க வாயால வரலை. சரிதான். சத்தியத்தைக் காப்பாத்திட்டீங்க," என்றாள்.  "ஊர் முழுக்கக் கேட்டுச்சே! மரமண்டைன்னானே அந்தப் படுபாவி, எல்லாரும் கேட்டாங்களே! இதுக்குப் பதிலா என்னைத் தொங்க விட்டிருக்கலாமே. அவர் எதை மறைக்கணும்னு அந்தப் பாடு பட்டாரோ, அதை நடுத்தெருவுல போட்டு உடைச்சுட்டீங்களே!"

ஃபெல் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.  

ஜெசப் கிழவன்தான் அவர்கள் நடுவே வந்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அவன் பின்னால் முன்வந்த ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"ஏம்மா அழுறே? ஒம்பது வருஷமா இந்த மந்தையோட இந்த ஊருக்கு வர்றேன். மார்ஷல் எதிர்ல வந்தா தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவேன். அவர் பெரிய படிப்பு, நாம யாருன்னு." கிழவன் மூக்கை உறிஞ்சினான். "எங்க ஆளுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஒரு நாளாவது கூப்பிட்டு உக்கார வெச்சு ஒரு குவளை காப்பி குடுத்திருப்பேனே தாயி."

மூன்று நாளாக, கோர்ட்டில், லாக்கப்பில், மேடையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத டெம்பரன்ஸ், அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.